சிகாகோ 1860: நாலு வக்கீல்களில் யாருக்கு ஓட்டு?

கட்சிக்காரர் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம். வக்கீலிடம் வழக்கை ஒப்படைப்பவரும் கட்சிக்காரர்தான், தேர்தலில் கொடி பிடிப்பவரும் கட்சிக்காரர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் முதல் வகையினரை வைத்துப் பிழைத்தவர்கள் இரண்டாம் வகையினரைத் தேடிப் போவது சர்வசாதாரணம். ஆனால் 1860 மே மாதம் சிகாகோவில் நடந்தது கொஞ்சம் விசேஷம். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக யாரை நிறுத்துவது என்ற கேள்வியில் முன்னால் இருந்த நாலு பெயர்களும் வக்கீல்களின் பெயர்கள். நியூயார்க்கின் வில்லியம் செவார்ட், ஒஹாயோவின் சால்மன் சேஸ், மிசௌரியின் எட்வர்ட் பேட்ஸ், இல்லினாயின் ஆபிரகாம் லிங்கன். (பென்சில்வேனியாவின் சைமன் கேமரனும் வரிசையில் இருந்தார். அவர் பத்திரிகை, வங்கி என்று வேறு வழியில் வந்தவர். ஓட்டு எண்ணும்போது மட்டும் அவரைப் பார்ப்போம்.)

முடிவு நமக்குத் தெரியும் என்பதுதான் இந்த ஒப்பீட்டில் இருக்கும் சிக்கல். லிங்கனை முதலிலேயே பீடத்தில் ஏற்றிவிட்டு மற்ற மூவரையும் துணை நடிகர்களாக்கிவிடுகிறோம். அன்றைக்குக் கட்சி மாநாடு நடந்த மர மண்டபத்தில் ஓட்டோடு உட்கார்ந்திருந்த பிரதிநிதிக்கு அப்படித் தெரிந்திருக்காது. அவர் கையில் ஒரு கணக்குத்தான் இருந்தது. 1856 தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தவை 114 எலக்டோரல் ஓட்டுகள் (மாநிலத்துக்கு இத்தனை என்று ஒதுக்கி, அதிபரைத் தீர்மானிக்கும் ஓட்டுகள்). 1860இல் ஜெயிக்க 152 வேண்டும். அந்த 114ஐ அப்படியே காப்பாற்றிக்கொண்டு இன்னும் 38 தேட வேண்டும். போன தடவை கைவிட்டுப் போன வட மாநிலங்களில் பென்சில்வேனியாவுக்கு 27, இந்தியானாவுக்கு 13, இல்லினாய்க்கு 11, நியூ ஜெர்சிக்கு 7. இந்த நாலு இடங்களில் யார் செல்லுபடியாவார்?

அந்தக் கேள்விக்கு நால்வரின் பயோடேட்டாவைவிட அவர்கள் நடத்திய வழக்குகளே நல்ல பதில் தருகின்றன என்பது என் கட்சி. ஆனாலும் முறைப்படி பயோடேட்டாவை ஒருமுறை பார்த்துவிடலாம்.

காகிதத்தில் யார் பெரியவர்

செவார்ட் 1801இல் பிறந்தவர். யூனியன் கல்லூரிப் படிப்பு, ஆபர்ன் ஊரில் மாமனாரோடு சேர்ந்து வக்கீல் தொழில், நாலு வருடம் நியூயார்க் கவர்னர், 1849இலிருந்து செனட்டர். கட்சியின் முகமே அவர்தான். சேஸ் டார்ட்மவுத் பட்டதாரி. வாஷிங்டனில் அட்டர்னி ஜெனரல் வில்லியம் வர்ட்டிடம் சட்டம் பயின்றவர். செனட்டில் ஒரு முழுப் பதவிக்காலம், பிறகு ஒஹாயோ கவர்னர். நால்வரில் மூத்தவர் பேட்ஸ், 1793இல் பிறந்தவர், மிசௌரியின் முதல் அட்டர்னி ஜெனரல். காங்கிரஸில் ஒரே ஒரு தடவை இருந்துவிட்டுத் தொழிலுக்குத் திரும்பினார். 1850இல் அதிபர் ஃபில்மோர் ராணுவ அமைச்சர் பதவி கொடுக்க முன்வந்தபோதும் வேண்டாம் என்றார்.

லிங்கனா? பள்ளிக்கூடம் போன நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு வருடம் தேறாது. பலசரக்குக் கடை வைத்து நஷ்டப்பட்டார். போஸ்ட்மாஸ்டர் வேலை, நில அளவை வேலை, நடுவில் இரவல் புத்தகங்களில் சட்டப் படிப்பு. 1836இல் வக்கீல் உரிமம். காங்கிரஸில் 1847 முதல் 1849 வரை ஒரே ஒரு தடவை. 1855இலும் 1858இலும் செனட்டுக்கு முயன்று இரண்டு முறையும் தோல்வி. இந்த நாலு காகிதங்களையும் மேஜையில் பரப்பினால் கடைசியில் விழுவது இவருடையதுதான்.

சரி, கேஸுக்கு வருவோம்

முதலில் சேஸ். சின்சினாட்டி ஒஹாயோ ஆற்றின் வடகரையில் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கி, அடிமை முறை உள்ள மண். ஆற்றைத் தாண்டி ஓடிவருபவர்களின் வழக்குகள் ஊருக்குள் வந்துகொண்டே இருந்தன. 1837இல் மடில்டா என்ற பெண்ணுக்காக சேஸ் வாதாடினார், தோற்றார். அவளைத் தெற்கே கொண்டுபோய் விட்டார்கள். தப்பியோடியவர்களை வண்டியில் ஏற்றிவந்த ஒஹாயோ விவசாயி ஜான் வான் ஸாண்டின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சேஸும் செவார்டும் சேர்ந்து ஃபீஸ் வாங்காமல் நடத்திய வழக்கு அது. 1847இல் அதிலும் தோல்வி.

சேஸின் வாதம் எளிமையானது, கூர்மையானது. அடிமை முறை என்பது ஒரு மாநிலத்தின் சட்டம் மட்டும் உண்டாக்கிய விஷயம், அந்த எல்லையைத் தாண்டினால் அதற்கு உயிர் கிடையாது, தேசத்துக்குப் பொதுவானது சுதந்திரம்தான். நீதிபதிகள் ஏற்கவில்லை. ஆனால் சேஸ் அந்த வாதத்தை நீதிபதிகளுக்காக மட்டும் எழுதவில்லை. துண்டுப் பிரசுரமாக அச்சடித்து ஊரெங்கும் பரப்பினார். வழக்கில் தோற்றுக் கொள்கையைப் பரப்பும் வக்கீல் அவர். பின்னால் அந்த வாதமே கட்சியின் அடித்தளமானது. 'தப்பியோடிய அடிமைகளின் அட்டர்னி ஜெனரல்' என்று எதிரிகள் கேலியாக வைத்த பெயரை அவர் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். சின்சினாட்டியின் கறுப்பின மக்கள் 1845இல் அவருக்கு ஒரு வெள்ளிக் கூஜா பரிசளித்தார்கள். அந்த விழாவில், கறுப்பினத்தவருக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று பேசினார். 1845இல் ஒரு வெள்ளை அரசியல்வாதி அப்படிப் பேசுவது அரசியல் தற்கொலைக்குச் சமம்.

செவார்டின் பெரிய வழக்கு வேறு மாதிரி. 1846இல் ஆபர்னுக்குப் பக்கத்தில் வில்லியம் ஃப்ரீமன் என்ற கறுப்பின இளைஞர் ஒரே குடும்பத்தில் நாலு பேரைக் குத்திக் கொன்றார். அதற்கு முன் செய்யாத குதிரைத் திருட்டுக்காக ஐந்து வருடம் சிறையில் அடிபட்டு, புத்தி பேதலித்து வெளியே வந்தவர் அவர். ஊரே கொதித்துப்போயிருந்தது. முன்னாள் கவர்னர் செவார்ட் இந்த வழக்கைக் கையில் எடுத்தால் ஆபர்னில் தலைகாட்ட முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள். எடுத்தார். மனநிலை சரியில்லாதவருக்குத் தூக்கு கொடுக்கக் கூடாது என்று வாதாடினார், ஜூரி ஒப்புக்கொள்ளவில்லை. மேல்முறையீட்டில் மறுவிசாரணை உத்தரவு வாங்கினார். ஆனால் அது நடப்பதற்குள் ஃப்ரீமன் சிறையிலேயே இறந்துவிட்டார்.

இத்தனைக்கும் செவார்டுக்கு வக்கீல் தொழில் ஒருபோதும் பிடித்ததில்லை. பிற்பாடு பேடன்ட் வழக்குகளில் நல்ல பணம் பார்த்தார், அவ்வளவுதான். அவர் மனம் அரசியலில் இருந்தது. கோர்ட்டுக்குள் நின்றுகொண்டு வெளியே இருக்கும் நாட்டோடு பேசுபவர்.

பேட்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செயின்ட் லூயிஸின் மரியாதைக்குரிய சீனியர் வக்கீல். 17 குழந்தைகள் பெற்ற குடும்பஸ்தர். அடிமைகளை வைத்திருந்தவர். ஆனால் 1844இல் லூசி என்ற பெண்ணின் விடுதலை வழக்கை நடத்தி ஜெயித்துக்கொடுத்ததும் இவரே. சட்டம் என்ன சொல்கிறதோ அதற்கு ஒரு அங்குலம் கூடவும் மாட்டார், குறையவும் மாட்டார்.

இப்போது லிங்கனின் கட்டு. கூட்டாளிகளோடு சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் கால் நூற்றாண்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள். அதில் பெரும்பகுதி கடன் பாக்கி, வேலித் தகராறு, செத்துப்போன மாடு, அவதூறு. எட்டாவது சர்க்யூட், அதாவது ஒரு நீதிபதி ஊர் ஊராகச் சுற்றிவந்து வழக்குக் கேட்கும் வட்டாரம், விரிந்து கிடந்த காலத்தில் 14 கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரி) அதில் அடக்கம். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நீதிபதி டேவிட் டேவிஸோடு வக்கீல்கள் எல்லோரும் குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகப் போவார்கள். சத்திரத்தில் ஒரே கட்டிலில் இரண்டு பேர். காலையில் எதிரெதிர் தரப்பு, ராத்திரி ஒரே மேஜையில் சாப்பாடு, கதை. இந்தச் சத்திர வாழ்க்கையை மற்ற மூவரும் வாழவில்லை. சிகாகோவில் லிங்கனுக்காக ஓட்டுச் சேர்த்தவர்கள் யார் என்று பார்த்தால் அந்த டேவிஸும் அந்தச் சர்க்யூட் வக்கீல்களும்தான்.

அவருக்கென்று ஒரு கொள்கை வழக்கு உண்டா? தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். 1841இல் நான்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணை விற்றதற்கான கடன் பத்திரம் செல்லாது என்று இல்லினாய் உச்ச நீதிமன்றத்தில் வாதாடி ஜெயித்தார். 1847இல் இல்லினாயின் சார்ல்ஸ்டன் ஊரில் ராபர்ட் மேட்சன் என்ற கென்டக்கி அடிமை முதலாளிக்காக, ஒரு தாயையும் அவள் குழந்தைகளையும் திரும்பப் பிடித்துத்தரும்படி வாதாடினார். நல்லவேளையாகத் தோற்றார். இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேக்கு ஒரு பெரிய வரி வழக்கை ஜெயித்துக்கொடுத்து 5,000 டாலர் ஃபீஸ் கேட்டார், கம்பெனி தரவில்லை, அதே கம்பெனி மேல் வழக்குப் போட்டு வாங்கினார். வாங்கிய பிறகு அதே கம்பெனிக்குத் தொடர்ந்து வேலையும் செய்தார். யார் கதவைத் தட்டினாலும் திறக்கும் வக்கீல்.

ஆனால் ஜூரி முன்னால் நிற்கும்போது அவர் வேறு ஆள். 1858இல் டஃப் ஆம்ஸ்ட்ராங் கொலை வழக்கில், ராத்திரி பதினோரு மணிக்கு உச்சியில் இருந்த நிலா வெளிச்சத்தில் அடித்ததைப் பார்த்தேன் என்றார் ஒரு சாட்சி. லிங்கன் அவசரப்படவே இல்லை. அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். அப்புறம் பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டினார். அந்த நேரத்தில் நிலா அடிவானத்தை நெருங்கிவிட்டிருந்தது. ஆள் விடுதலை. பையனின் தாய் பழைய நாட்களில் அவருக்குச் சோறு போட்டவர் என்பதால் ஃபீஸ் கிடையாது. அவரோடு சர்க்யூட் சுற்றிய லெனர்ட் ஸ்வெட் இன்னொரு ரகசியத்தைச் சொல்லியிருக்கிறார். எதிர்த்தரப்பு சொல்வதில் ஆறு விஷயங்களை லிங்கன் தாராளமாக ஒப்புக்கொண்டுவிடுவாராம். எதிராளி ஏமாந்து நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்போது ஏழாவது விஷயத்தைப் பிடித்து வழக்கையே ஜெயித்துவிடுவாராம்.

என் சொத்து விவகாரம் என்றால் நான் பேட்ஸிடம் போவேன். அநியாயமான ஒரு சட்டத்தை உடைக்க வேண்டும் என்றால் சேஸ். ஊரே என்னை அடிக்க வந்தால் செவார்ட். பன்னிரண்டு ஜூரிகளில் ஏழு பேருக்கு என்னைப் பிடிக்கவில்லை, ஆனாலும் விடுதலை வேண்டும் என்றால் லிங்கன்.

வாயும் வினையும்

1860இல் கட்சியின் நிலைமை அந்த நாலாவது வகைதான். ஏற்கனவே நம்பும் ஆட்களை வைத்து ஜெயிக்க முடியாது, சந்தேகத்தோடு பார்க்கும் பென்சில்வேனியாக்காரரையும் இந்தியானாக்காரரையும் இழுக்க வேண்டும்.

செவார்டை அவருடைய இரண்டு சொற்றொடர்கள் துரத்தின. 1850இல் செனட்டில் அரசியல் சாசனத்துக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு என்றார். 1858 அக்டோபரில் ராச்செஸ்டரில், சுதந்திர உழைப்புக்கும் அடிமை முறைக்கும் நடுவே தவிர்க்க முடியாத மோதல் இருக்கிறது என்றார். வேடிக்கை என்னவென்றால், அதற்கு நாலு மாதம் முன்பே லிங்கன் பிளவுபட்ட வீடு நிலைக்காது என்று பேசியிருந்தார். இரண்டுக்கும் சாரம் ஒன்றுதான். ஆனால் லிங்கன் எடுத்தது எல்லா வீட்டிலும் இருந்த பைபிள் வசனம், செவார்டினுடையது போர் முரசு மாதிரி ஒலித்தது. போதாததற்கு, கவர்னராக இருந்தபோது கத்தோலிக்கக் குடியேறிகளின் பள்ளிகளுக்கு அரசுப் பணம் தரலாம் என்று செவார்ட் சொல்லியிருந்தார். குடியேறிகளை வெறுத்த நோ நத்திங் இயக்கத்தின் பழைய ஆட்கள் பென்சில்வேனியாவில் நிறையப் பேர். அவர்கள் அதை மறக்கவே இல்லை.

பேட்ஸுக்கு இதே சிக்கல் தலைகீழாக இருந்தது. 1856இல் நோ நத்திங் வேட்பாளர் ஃபில்மோரை ஆதரித்தவர் அவர். ஜெர்மன் குடியேறிகள் அவர் பெயரைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார்கள். லிங்கனோ நோ நத்திங் கூட்டத்தைத் தனிக் கடிதங்களில் கடுமையாகச் சாடினார், மேடையில் வாயைத் திறக்கவில்லை. 1859இல் ஒரு ஜெர்மன் பத்திரிகையைச் சத்தமில்லாமல் விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டார். இதை நேர்மை என்பதா, சாமர்த்தியம் என்பதா என்று எனக்குத் தெரியவில்லை, வக்கீல் புத்தி என்று சொல்லலாம்.

சேஸின் வினை 1849இல் விதைத்தது. ஒஹாயோ சட்டசபையில் ஜனநாயகக் கட்சியோடு பேரம் பேசி செனட் பதவி வாங்கினார். அந்தப் பேரத்தில் கறுப்பினத்தவருக்கு எதிரான மாநிலச் சட்டங்கள் பல நீங்கின என்பது உண்மை. ஆனால் (குடியரசுக் கட்சிக்கு முன்னால் ஜனநாயகக் கட்சியை எதிர்த்துநின்ற) பழைய விக் கட்சிக்காரர்கள் துரோகம் என்றே நினைத்தார்கள், பதினொரு வருடம் கழித்தும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சொந்த மாநிலத்தின் 46 ஓட்டில்கூட முதல் சுற்றில் அவருக்கு விழுந்தது 34தான்.

லிங்கனின் தவறான பேச்சு எது? 1858 செப்டம்பரில் செனட் போட்டியில் எதிராளியான டக்ளஸோடு நடந்த நாலாவது விவாதம், அதே சார்ல்ஸ்டன் ஊர். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சமூகத்திலும் அரசியலிலும் சமமாவதைத் தாம் ஆதரிக்கவில்லை என்று அங்கே சொன்னார். 1845இல் சேஸ் சொன்னதையும் 1858இல் லிங்கன் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் உயரம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆறடி நாலு அங்குலம் இங்கே உதவாது. ஆனால் 1860இன் அரசியல் கணக்கில் அந்தப் பேச்சு லிங்கனுக்கு வினையாகவில்லை. இல்லினாயின் தென்பகுதியும் இந்தியானாவும் கேட்க விரும்பியதே அதுதான். இது கசப்பான விஷயம், விழுங்கித்தான் ஆக வேண்டும்.

அவரைக் கிழக்கு மாநிலங்களில் நிலைநிறுத்தியது 1860 பிப்ரவரி 27 அன்று நியூயார்க் கூப்பர் யூனியனில் பேசிய பேச்சு. அது பேச்சுகூட இல்லை, வழக்கறிக்கை. சாசனத்தில் கையெழுத்திட்ட 39 பேரும் அடிமை முறைப் பரவலைக் காங்கிரஸ் தடுக்கலாமா என்பதில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று நூலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராகத் தேடினார். 21 பேர், அதாவது தெளிவான பெரும்பான்மை, தடுக்கலாம் என்ற பக்கம் நின்றதாக நிறுவினார். இருபது வருடமாக சேஸ் சொன்னதைத்தான் சொன்னார். ஆனால் சேஸ் கொள்கையாகச் சொன்னதை இவர் சாட்சியாக முன்வைத்தார்.

எண்ணிக்கை

மே 18, வெள்ளிக்கிழமை. வேட்பாளராக 233 பிரதிநிதிகளின் ஓட்டு வேண்டும். முதல் சுற்றில் செவார்ட் 173½, லிங்கன் 102, கேமரன் 50½, சேஸ் 49, பேட்ஸ் 48.

மார்ச் மாதமே லிங்கன் ஒரு கடிதத்தில் தம் திட்டத்தை எழுதியிருந்தார். களத்தில் தாம் புதியவர், பலருக்கும் முதல் தேர்வு அல்ல, அதனால் யாரையும் புண்படுத்தாமல் இருக்க வேண்டும், அவர்கள் தங்கள் முதல் காதலைக் கைவிட நேர்ந்தால் தம்மிடம் வருகிற மனநிலையில் இருக்க வேண்டும். ஆறு விஷயங்களை விட்டுக்கொடுக்கும் அதே ஆள். கென்டக்கியில் பிறந்தவர், விக் கட்சியில் வளர்ந்தவர், மேற்கு மாநிலத்தவர், எதிரி குறைவு. டேவிஸ் ட்ரெமான்ட் ஹோட்டலில் உட்கார்ந்து இந்த இரண்டாம் தேர்வு ஓட்டுகளைத்தான் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். என்னைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் வேண்டாம் என்று லிங்கன் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து குறிப்பு அனுப்பியது உண்மை. கேமரனும் இந்தியானாவின் கேலப் ஸ்மித்தும் பின்னால் அமைச்சர்களானதும் உண்மை.

இரண்டாம் சுற்றில் செவார்ட் 184½, லிங்கன் 181. பென்சில்வேனியா கேமரனை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது. மூன்றாவதில் லிங்கன் 231½. இன்னும் ஒன்றரை ஓட்டு. அப்போது ஒஹாயோவின் கார்ட்டர் நாற்காலிமேல் ஏறி நின்று, சேஸின் நாலு ஓட்டை லிங்கனுக்கு மாற்றுவதாக அறிவித்தார்.

அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் சுற்றில் செவார்டுக்குத்தான் போட்டிருப்பேன். மூன்றாவதில் மாறியிருப்பேன், பென்சில்வேனியாவின் 27ஐ நினைத்து. கணக்கு பலித்தது. நவம்பரில் பென்சில்வேனியா, இந்தியானா, இல்லினாய் மூன்றும் முழுதாக, நியூ ஜெர்சியில் 4, மேற்கே சில மாநிலங்கள் எல்லாம் சேர்த்து லிங்கனுக்கு 180. மொத்த மக்கள் ஓட்டில் நாற்பது சதவீதம்கூட இல்லை.

தோற்ற மூவர்

மூவரையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டதைத் தாராள குணம் என்று சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் குணமாகத் தெரிகிறது. மீதிப் பாதி, எதிர்த்தரப்பு வக்கீலோடு ஒரே கட்டிலில் தூங்கிப் பழகிய சர்க்யூட் பழக்கம்.

வெளியுறவு அமைச்சரான செவார்ட், பதவியேற்று ஒரு மாதத்துக்குள், 1861 ஏப்ரல் 1 அன்று, ஆட்சியைத் தாமே நடத்திக்கொடுப்பதாகக் கிட்டத்தட்ட எழுதியே கொடுத்தார். லிங்கன் அமைதியாக மறுத்தார். அதன்பிறகு லிங்கனுக்கு அவரைவிட நெருங்கிய அமைச்சர் கிடையாது. அடிமை விடுதலைப் பிரகடனத்தை ஒரு போர் வெற்றி வரும்வரை தள்ளிவைக்கச் சொன்னவர் அவர்தான். லிங்கன் சுடப்பட்ட 1865 ஏப்ரல் 14 இரவில் அவரையும் படுக்கையிலேயே கத்தியால் குத்தினார்கள், பிழைத்தார். 1867இல் 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்கினார். கடைசிக் காலத்தில் உலகத்தைச் சுற்றியபோது இந்தியாவுக்கும் வந்துபோனார்.

அட்டர்னி ஜெனரல் பேட்ஸ் 1862இல், அமெரிக்க மண்ணில் சுதந்திரமாகப் பிறந்த கறுப்பினத்தவர் குடிமக்களே என்று கருத்துரை எழுதினார். கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன ட்ரெட் ஸ்காட் தீர்ப்புக்கு நேர் எதிரான கருத்து, அதுவும் நால்வரில் பழமைவாதியின் பேனாவிலிருந்து.

நிதியமைச்சர் சேஸ் போருக்குப் பணம் தேட கிரீன்பேக் நோட்டுகளை, அதாவது தங்கமாக மாற்றித்தரப்படாத காகிதப் பணத்தை, அச்சடித்தார். ஒரு டாலர் நோட்டில் தம் படத்தையே போட்டுக்கொண்டார், விளம்பரம் என்று எடுத்துக்கொள்ளலாம். 1864இல் லிங்கனுக்கு எதிராகவே வேட்பாளராகப் பார்த்தார், முடியவில்லை. அடிக்கடி ராஜினாமாக் கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தார், அந்த ஜூனில் லிங்கன் ஒன்றை ஏற்றுக்கொண்டுவிட்டார். டிசம்பரில் அவரையே உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவும் நியமித்தார். 1865 பிப்ரவரியில் ஜான் ராக் என்ற கறுப்பின வக்கீலை உச்ச நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல்கள் வரிசையில் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டவர் சேஸ். வான் ஸாண்ட் வழக்கில் அவர் தோற்ற அதே நீதிமன்றம். மார்ச் 4 அன்று லிங்கனுக்கு இரண்டாம் முறை பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். ஆறு வாரம் கழித்து, லிங்கனுக்கு அடுத்து அதிபரான ஆண்ட்ரூ ஜான்சனுக்கும் அவரே. 1870இல், அமைச்சராகத் தாம் வெளியிட்ட கிரீன்பேக்கைப் பழைய கடன்களுக்குக் கட்டாயமாக வாங்கவைப்பது சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பும் எழுதினார்.

அதற்கு நடுவே 1868இல், தலைமை நீதிபதி நாற்காலியில் இருந்துகொண்டே, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக முடியுமா என்றும் பார்த்தார். அங்கேயும் கிடைக்கவில்லை.